எட்டுக்கு எட்டுக் கட்டம்

மாத்தளையிலிருந்து உக்குவளை வழியாக ஏறி வந்தாலும், வத்துகாமத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு வந்தாலும், எல்கடுவையை அடைகிற பிரயாணியின் கண்ணுக்கு முதலில் தென்படுவன தேயிலைச் சரிவுகளும், அவற்றின்மேல் காலை மாலை என்ற பேதமின்றி இறங்கி நிற்கும் பனிமூட்டமும், தூரத்து மலைமுகடுகளுமே ஆகையால், கையடக்க விளையாட்டு யந்திரங்களைப் பற்றி எழுத வந்த ஒருவன் இந்த ஊரின் பெயரைச் சொல்லித் தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடும். என் வரையில் அந்த யந்திரங்களும் இந்த ஊரும் பிரிக்க முடியாதவை. ஜப்பானில் ஒருவர் அவற்றை எந்த நோக்கத்தோடு எளிமையாக அமைத்தாரோ, அந்த நோக்கத்தின் பூரண பலனை அநுபவித்தவர்கள் டோக்கியோ நகரத்துச் சிறுவர்களைக் காட்டிலும், மின்சாரம் நிச்சயமில்லாத தோட்டத்து வரிசை வீடுகளாகிய லயங்களில் வளர்ந்த எங்களைப் போன்றவர்களே என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். செய்த கம்பெனிகள் கைவிட்ட பின்னும் அந்த யந்திரங்களுக்குப் புதிய நிரல்களை எழுதி அவற்றைச் சாகவிடாமல் காத்து வருகிற, ஹோம்ப்ரூ என்று வழங்கும் முயற்சியில் எனக்கு உண்டான பற்றும் அந்த நம்பிக்கையிலிருந்து கிளைத்ததே.

முதலில் வந்தது பிரிக் கேம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேருக்குத் தோட்டத்திலிருந்து லொறியேறிப் போவது, தொண்ணூறுகளின் அந்தக் காலத்தில், எங்களுக்கு வருஷத்தின் பெரிய யாத்திரை. ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் பஞ்சரத பவனியைத் தரிசிக்கப் பெரியவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, சிறுவர்களாகிய நாங்கள் வீதியோரக் கடைகளில் வளையலுக்கும் பலூனுக்கும் நடுவே தொங்கிய அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத் தரிசித்துக்கொண்டு நின்றோம். ஒன்றுக்குள் 9999 விளையாட்டுகள் அடங்கியிருப்பதாக அதன் உறை சொல்லிற்று. குறுக்கே பத்தும் நெடுக்கே இருபதுமாகக் கட்டங்கள் அமைந்த திரையில் உண்மையாக இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில விளையாட்டுகளே. வேகத்தையும் தொடக்க நிலையையும் மாற்றி மாற்றி எண்ணியே அந்தப் பெருந்தொகையை உண்டாக்கியிருந்தார்கள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்காரர் தம் மகனுக்கு அதை வாங்கிக் கொடுத்தார்; லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் முன்திண்ணையாகிய இஸ்தோப்பில் வரிசையாக உட்கார்ந்து முறைவைத்து ஆடினோம். "கண்ணு பூத்துப் போயிரும்டா, வச்சிட்டு வந்து வெறகு எடுத்து வை" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். விழுகிற கட்டைகளை அடுக்கும் அந்த விளையாட்டை, அலெக்ஸி பஜித்நவ் என்பவர் 1984இல் மாஸ்கோ நகரத்து விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில், படம் வரையும் சக்தியில்லாத எலெக்த்ரோனிக்கா 60 என்ற கணினியில், அடைப்புக்குறிகளைக் கட்டங்களாக நிறுத்தி முதன்முதலில் அமைத்தார் என்பதை அறிந்தது வெகுகாலத்துக்குப் பின்புதான்.

அதற்கு அடுத்தது சின்னம்மாவோடு குவைத்திலிருந்து வந்தது. தோட்டத்துச் சம்பளத்தில் கடன் தீராது என்று கண்ட பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வது எங்கள் பகுதியில் அப்போது பரவியிருந்தது, இப்போதும் ஓய்ந்தபாடில்லை. 2000ஆம் ஆண்டளவில் சின்னம்மா ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தபோது கயிறு கட்டிய பெட்டியைப் பிரித்தோம். நிடோ பால்மாவும், பூப்போட்ட கம்பளியும், வாசனைச் சவர்க்காரமும் ஒவ்வொன்றாக வெளிவந்த பிறகு, அடியில், சாம்பல் நிறத்தில், கனத்த செங்கட்டியின் அளவில் ஒரு வஸ்து துணியில் சுற்றிக் கிடந்தது. "அந்த வீட்டுப் புள்ளைங்க புதுசு வாங்கிட்டாங்க, இத வீசப்போனாங்கடா. நான்தான் மேடம்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன், எங்க அக்கா மகன் வெளையாடுவான்னு" என்றாள் சின்னம்மா. நிண்டெண்டோ கம்பெனியார் 1989 ஏப்ரலில் வெளியிட்ட கேம் பாய் அது. கூடவே இரண்டு கேசட்டுகள். ஒன்று டெட்ரிஸ், மற்றொன்று 1993இல் வந்த லிங்க்ஸ் அவேக்கனிங் என்ற தீவுக் கதை. பிறர் பிள்ளைகளை வளர்ப்பதற்காகத் தன் பிள்ளைகளை விட்டுப் போனவள், அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று தள்ளிய பொருளில் எங்கள் சந்தோஷத்தைக் கண்டுபிடித்துக் கடல்கடந்து எடுத்து வந்தாள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அந்த யந்திரத்தின் லட்சணங்களைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள் கொண்ட அதன் திரையில் வர்ணமில்லை. பாசிபடிந்த பச்சையில் நான்கு சாயைகள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. ஆகையால் காம்பரா என்று நாங்கள் சொல்லும் லயத்து அறையின் உள்ளிருட்டில் ஒன்றும் தெரியாது. வாசற்படிக்கு வந்து, வானத்து வெளிச்சம் திரையில் விழும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் ஆடவேண்டும். மூட்டம் இறங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. நான்கு சிறிய மின்கலங்களில் அது ஓடும். நல்ல அல்கலைன் மின்கலங்களானால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். எங்களுக்கு வாய்த்தவை தோட்டக் கடையில் விற்ற மலிவான மின்கலங்கள். டோர்ச் லைட்டில் தீர்ந்துபோனவற்றைத் தகரக் கூரையின்மேல் வெயிலில் காயவைத்து எடுத்துப் போட்டால், டெட்ரிஸ் இன்னும் ஒரு தடவை எழுந்து நிற்கும். பத்து நிமிஷத்தில் திரை வெளிறி அடங்கும்.

இந்தக் குறைகளெல்லாம் கவனமாக யோசித்து ஏற்றுக்கொள்ளப்பட்டவை. கேம் பாயை வடிவமைத்த குழுவின் தலைவர் குன்பெய் யோக்கொய், 1965இல் சீட்டுக்கட்டு அச்சடிக்கும் யந்திரங்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் நிண்டெண்டோவில் சேர்ந்தவர். ரயிலில் களைத்துப்போன ஒரு பிரயாணி கணிப்பானின் பொத்தான்களை விளையாட்டாகத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற சிறு கருவியை உருவாக்கினார். நாட்பட்டு, விலை மலிந்து, குணதோஷங்கள் முற்றும் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய விதத்தில் பிரயோகிப்பதே உத்தமம் என்பது அவருடைய சித்தாந்தம். கேம் பாய் வந்த அதே 1989இல் அட்டாரி லிங்க்ஸும், மறுவருஷம் சேகாவின் கேம் கியரும் வர்ணத் திரையோடும் உள்விளக்கோடும் பிரவேசித்தன. ஆறு மின்கலங்களை விழுங்கி நான்கைந்து மணி நேரத்தில் அவை உறங்கிவிடும். அவற்றில் ஒன்று சின்னம்மாவின் பெட்டியில் வந்திருந்தால் ஒரு சம்பள நாளோடு அது பெட்டிக்கே திரும்பியிருக்கும். யோக்கொய் எங்கள் தோட்டத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் மலிவையும், தாங்குசக்தியையும், சிக்கனத்தையும் மேன்மையான குணங்களாக மதித்து ஒருவர் ஒரு பொருளைச் செய்யும்போது, அவர் அறியாத ஏழைகளுக்காகவும் அது செய்யப்படுகிறது. 1997இல் ஒரு வீதி விபத்தில் அவர் காலமானார். அவர் பெயரை அறிந்த நாள் முதல் நான் அவரை ஓர் உபகாரியாகவே எண்ணி வருகிறேன்.

கேசட்டின் வாயில் தூசி படிந்திருந்தால், யந்திரத்தை முடுக்கியதும் மேலிருந்து இறங்கி வருகிற கம்பெனிப் பெயர் எழுத்துகள் சிதைந்து வரும். சில வேளை எழுத்தே இராமல் ஒரு கறுப்புப் பட்டை மட்டும் இறங்கி வந்து நடுத்திரையில் நின்றுவிடும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. ஊதியும் துடைத்தும் மறுபடி செருகுவோம். அந்தக் கறுப்புப் பட்டைக்கு ஓர் அர்த்தமுண்டு என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

சாதாரணதரப் பரீட்சை எழுதியிருந்த சமயம் அந்தத் தீவுக் கதை தன் ஞாபகத்தை இழந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி அந்தக் கேசட்டில் உண்டு. ஒருநாள் திறந்தால் எல்லாம் வெறுமையாக இருந்தது. மாத்தளையில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்த ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கேசட்டின் ஒற்றைத் திருகாணியை எப்படியோ கழற்றித் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இங்க பாருங்க, மணிக்கூட்டுப் பெட்டரி மாதிரி ஒண்டு ஈக்கிது. இதுதான் உயிரு. இது செத்தா அதுக்கு ஒண்டும் ஞாபகம் வராது" என்றார். மின்கலத்தை மாற்றிக் கொடுத்தபின், காசு வாங்காமல், ஈயம் பற்றவைக்கும் கோலை என் கையில் தந்து ஒரு பழைய பலகையில் பழகச் சொன்னார். ஒரு விளையாட்டுக்குள்ளே பலகையும், கம்பிகளும், நாணயமளவு மின்கலமும் இருக்கின்றன என்பதும், அவற்றை ஒரு மனிதக் கை திறந்து சரிசெய்ய முடியும் என்பதும் என் ஜீவியத்தின் போக்கை நிர்ணயித்த காட்சி. அந்த நானாவின் கடையில்தான் எனக்கு வித்தியாரம்பம்.

உயர்தரம் படிக்க வசதியிருக்கவில்லை. தோட்டத்து வாலிபர்கள் பலரையும்போல நானும் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தேன். 2008 வாக்கில் அந்தக் கடைக்குத் தொலைபேசிகளோடு சோனி கம்பெனியின் பிஎஸ்பி என்ற கையடக்க யந்திரமும் திருத்தத்துக்கு வரத் தொடங்கியது. 480க்கு 272 புள்ளிகள் கொண்ட அகலத் திரை. கேம் பாயின் நான்கு மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு எதிரே 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் செயலி. அதன் உள்ளே நுழைவதற்கு இருந்த வழி என்னைத் திகைக்க வைத்தது. தொழிற்சாலைத் திருத்துநர்களின் உபயோகத்துக்கென்று ஒரு விசேஷ மின்கலம் உண்டு. சாதாரண மின்கலத்துக்குள் பதிந்திருக்கும் தொடரிலக்கத்தையும் அதேபோலக் குறிப்பிட்ட ஓர் எண்ணாக மாற்றிவிட்டால், பிஎஸ்பி தன்னுள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரலை விட்டுவிட்டு, செருகியிருக்கும் மெமரி ஸ்டிக்கிலிருந்து எழுந்திருக்கும். 2007இல் இந்த ரகசியம் வெளியாகி, பண்டோரா மின்கலம் என்ற பெயரோடு உலகமெங்கும் பரவியது. பிந்தி வந்த மதர்போர்டுகளில் கம்பெனியார் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயரில் ஸ்பெயின் தேசத்து நிரலாளர் ஒருவர் 2006 முதல் வெளியிட்டு வந்த மாற்று ஃபர்ம்வேரை அந்த வழியாக ஏற்றி, செயலிழந்து வந்த யந்திரங்களை நாங்கள் மீட்டுக் கொடுத்தோம்.

அப்படி மீட்ட ஒன்றை, சொந்தக்காரர் வேண்டாமென்று கடைக்கே விற்றுவிட்டுப் போனதை, என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாங்கினேன். எமுலேட்டர் என்ற அதிசயத்தோடு எனக்குப் பரிச்சயம் உண்டானது அதில்தான். ஒரு யந்திரம் மற்றொரு யந்திரமாகத் தன்னைப் பாவித்துக்கொள்ளும் வித்தை அது. பழைய கேம் பாயின் செயலி, கட்டளை எண் ஒன்றைப் படித்து அதற்குரிய காரியத்தைச் செய்யும். எமுலேட்டரும் அதே எண்ணைப் படித்து, அந்தச் செயலி இருந்திருந்தால் என்ன செய்திருக்குமோ அதையே தன் நினைவுக்குள் செய்து வைக்கும். கேம் பாயின் கடிகாரம் ஒரு திரைச்சித்திரத்துக்கு 70,224 தடவை துடிக்கும். அப்படிப்பட்ட சித்திரங்கள் நொடிக்கு அறுபதுக்குச் சற்றுக் குறைவு. அந்தத் துடிப்புகளைக் கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் உரிய க்ஷணத்தில் வரைந்தால்தான் பழைய விளையாட்டு பழைய விளையாட்டாக நடக்கும். யாரோ முகமறியாத சிலர், கூலியை எதிர்பாராமல், இரவு கண்விழித்து இந்தக் கணக்கையெல்லாம் அளந்து எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். கடையைச் சாத்திய பிறகு, மேல்மாடித் தங்குமிடத்தில், சின்னம்மா கொண்டுவந்த அதே டெட்ரிஸ் பிஎஸ்பியின் பிரகாசமான திரையில் ஓடக் கண்டபோது, எனக்கு விளையாடத் தோன்றவில்லை. இதை எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்று அறியும் தாபமே உண்டாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாற்று ஃபர்ம்வேரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் விலைகொடுக்க வேண்டிய விளையாட்டுகளை இலவசமாகப் பெறவே வந்தார்கள். இன்று சீன தேசத்திலிருந்து வருகிற சில மலிவான கையடக்க யந்திரங்களிலும் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகளை அநுமதியின்றி நகலெடுத்து நிரப்பி விற்கிறார்கள். ஒருவருடைய உழைப்பை அவரைக் கேளாமல் விற்றுக் காசாக்குவது தர்மமன்று. ஆனால் இந்த விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 அப்போது முறையான விற்பனையில் இல்லை. கேம் பாய் விளையாட்டுகளிலோ கிடைத்தவை ஆறு சதவீதத்துக்கும் குறைவு. அதே 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ் யந்திரத்துக்கான இணையக் கடையை மூடிவிட்டது. காசு கொடுக்க ஒருவன் சித்தமாயிருந்தும் வாங்க இடமில்லாதபோது, எமுலேட்டர் எழுதியவர்களும் கேசட்டுகளைப் படித்துக் காத்தவர்களும் செய்தது ஒரு நூலகத்தாரின் கைங்கரியம் என்றே நான் கருதுகிறேன். ஹோம்ப்ரூவோ இந்த இரண்டிலும் சேராத, முற்றிலும் நிர்மலமான காரியம்: தன் சொந்தக் கற்பனையைத் தன் சொந்தக் கையால் எழுதி, தான் காசு கொடுத்து வாங்கிய யந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பது.

கடையிலிருந்த பழைய கணினியில் சி மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, கேம் பாய்க்கு நிரல் எழுத உதவும் ஜிபிடிகே என்ற இலவசத் தொகுப்பைப் பழகியபோது, அந்தக் கறுப்புப் பட்டையின் அர்த்தம் விளங்கிற்று. கேம் பாயை முடுக்கியதும் அதன் செயலிக்குள் அடங்கிய 256 பைட் அளவேயான ஒரு சிறு நிரல் ஓடுகிறது. அது கேசட்டிலிருந்து 48 பைட்டுகளைப் படித்துத் திரையில் எழுத்தாக இறக்கிக் காட்டும். பின்பு தன்னிடமுள்ள பிரதியோடு அவற்றை ஒப்பிட்டு, ஓர் அணு பிசகினாலும் யந்திரத்தை அங்கேயே நிறுத்திவிடும். கேசட் சரியாகப் பொருந்தாதபோது எல்லாப் புள்ளியும் நிரம்பியதாகப் படிக்கப்படுவதால் கறுப்புப் பட்டை வருகிறது. கம்பெனியின் வியாபாரச் சின்னமே சாவியாக இருப்பதால், அநுமதியில்லாமல் கேசட் செய்பவன் அந்தச் சின்னத்தைத் திருடியே ஆகவேண்டும், அப்போது வழக்குத் தொடரலாம் என்பது உபாயம். இதையொத்த பூட்டைப் பற்றிய சேகா, அக்கொலேட் கம்பெனிகளின் வழக்கில், 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யந்திரத்தோடு பொருந்தி ஓடும் பொருட்டு அதற்கான விளையாட்டு நிரலைப் பிரித்து ஆராய்வது நியாயமான உபயோகமே என்று தீர்ப்பளித்தது. அந்த 256 பைட்டுகளை வெளியிலிருந்து படிக்க எவராலும் இயலாமலிருந்தது. 2003இல் நெவிக்ஸ்டி என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் செயலியின் மேலோட்டை அகற்றி, சில்லை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, பிட் பிட்டாகக் கண்ணால் பார்த்தே அவற்றை எழுதியெடுத்தார். ஒரு யந்திரத்தின்மேல் மனிதருக்கு இத்தனை சிரத்தை உண்டாகுமா என்று கேட்பவர்களுக்கு, ஓலைச்சுவடியின் அரித்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்த நம் பதிப்பாசிரியர்களை நினைவூட்ட விரும்புகிறேன்.

நான் எழுத விரும்பியது தமிழெழுத்து விளையாட்டு. மெய்யெழுத்துகள் மேலிருந்து விழும்; காலும் கொம்பும் விசிறியும் பக்கத்திலிருந்து வரும்; பொருத்திச் சொல்லாக்கினால் வரிசை கரையும். பிறந்தது முதல் நாங்கள் இருந்த காம்பரா எங்களுடையதன்று. தோட்டத்தினுடையது, சுவரில் ஒரு ஜன்னல் வைக்கவேண்டுமென்றாலும் நிர்வாகத்தின் அநுமதி வேண்டும். கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் எங்களை வந்தடையும். இப்படி வளர்ந்தவனுக்கு, இன்ன இடத்தில் இன்ன புள்ளி கறுக்க வேண்டும் என்று தானே தீர்மானித்து, எவரிடமும் கேளாமல், கறுக்கச் செய்வதில் உண்டாகும் நிறைவை மற்றவர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கடினம். அந்தப் புள்ளிகளால் முதலில் என் மொழியின் எழுத்து எழ வேண்டும் என்று தோன்றியது இயல்பே.

கேம் பாயின் திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனது. குறுக்கே இருபது, நெடுக்கே பதினெட்டு. ஒரு கட்டத்துக்கு 16 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். நம்முடைய ணகரமும் ஞகரமும் அடங்குமா? வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கட்டியாகிவிடும். ஆகையால் எழுத்துக்கு நான்கு கட்டம் என்று வைத்தேன். 247 எழுத்துக்கும் தனித்தனியே வரைந்தால் 988 கட்டங்கள். ஒரே சமயத்தில் பின்னணியில் நிற்கக்கூடியவையோ 256. உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, அகர உயிர்மெய் பதினெட்டு. இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்கள் எழுத்தோடு ஒட்டி உருமாறுவதால் எழுபத்திரண்டு. எல்லா எழுத்துக்கும் பொதுவான கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கு. ஆக 107 உருவங்கள், 428 கட்டங்கள். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டிராவிட்டால், பழைய ணா, றா, னா மூன்றும், தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கும் சேர்ந்து மேலும் ஏழு உருவங்களுக்கு இடம் தேடியிருப்பேன். அந்தப் பழைய வடிவங்களின் அழகில் எனக்கு ஈடுபாடு உண்டெனினும், கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த இரவுகளில் சீர்திருத்தத்தை வாழ்த்தவே செய்தேன்.

மெய்யெழுத்தின் புள்ளிக்கு வேறு யுக்தி கிடைத்தது. பின்னணிக்கு மேலே தனித்து நகரும் சிறு உருவங்கள் கேம் பாயில் நாற்பது உண்டு. வீரனும் பகைவனும் வழக்கமாக அவற்றால்தான் ஆவார்கள். மெய்யெழுத்தின் தலைப்புள்ளியை அப்படியொரு நகரும் உருவமாக்கி, அகர எழுத்தின் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு கோட்டில் பத்துக்கு மேற்பட்டால் பதினோராவது மறைந்துவிடும்; இருபது கட்ட அகலத்தில் பத்து மெய்களுக்கு மேல் நிற்க இடமில்லை என்பதால் அந்த அபாயம் நேரவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போய் வாழ்ந்த முத்தையா, தமிழ்த் தட்டச்சு யந்திரத்தை அமைத்தபோது எதிர்ப்பட்டதும் இதே சங்கடந்தானே. தட்டச்சில் புள்ளியை அடிக்கும்போது உருளை நகராது, பிறகு எழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் அமைந்திருக்கும். எனக்கு முன் இந்த வழியில் நடந்தவர் ஒருவர் இருந்தார், அவரும் நம்மவர் என்ற எண்ணம் பெரிய துணையாக இருந்தது.

428 கட்டங்களையும் கேசட்டில் வைத்துக்கொள்ளலாம், 6,848 பைட்தான். திரைக்கு வேண்டியவற்றை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். அந்த மாற்றத்துக்கு யந்திரம் முழுமையாக இடம் கொடுப்பது, ஒரு சித்திரத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் உள்ள இடைவெளியில். 70,224 துடிப்புகளில் 4,560, அதாவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். முதல் எழுத்து விழுந்துகொண்டிருக்கையில் அடுத்த எழுத்தின் நான்கு கட்டங்களை அந்த இடைவெளிக்குள் எழுதி முடிக்க வேண்டும். அது சரிவர நடந்து, "கொழுந்து" என்ற சொல் சின்னம்மாவின் பழைய யந்திரத்தில், நான்கு பச்சைச் சாயைகளில், சிதையாமல் கோத்து நின்றபோது, புறக்கோட்டையின் நள்ளிரவில் நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

பிற்பாடு மாத்தளைக்கே வந்து சிறியதொரு திருத்தகம் வைத்துக்கொண்டேன். 2022இல் பொருளாதார நெருக்கடியால் நாடு அடைந்த துன்பம் எல்லாரும் அறிந்தது. மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, கைத்தொலைபேசிகள் மின்னேற்ற வழியின்றி அணைந்து கிடந்தன. எல்கடுவையில் அக்காவின் மகள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்குப் போக பஸ்ஸில்லாமல் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் கேம் பாயையும் என் விளையாட்டையும் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டுமென்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே கண்டுகொண்டாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடினார்கள். "மாமா, ழகரம் ரொம்ப வேகமா வருது", "மாமா, 'வங்கி' சரியான சொல்லுதானே, ஏன் கரைய மாட்டேங்குது" என்று வழக்குகள் என்னிடம் வந்தன. அந்தப் பிள்ளைகள் சொன்ன சொற்களைக் குறித்துவைத்து அகராதியைப் பெருக்கினேன். "பெரட்டு", "கவ்வாத்து", "கொந்தரப்பு", "கங்காணி" என்ற தோட்டத்துச் சொற்களெல்லாம் அப்படிச் சேர்ந்தவையே. வேறெந்த யந்திரமும் இந்தச் சொற்களைச் சரியென்று ஏற்று ஒரு பிள்ளைக்குப் புள்ளி கொடுத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது; இது கொடுக்கிறது.

மருமகளின் பெரிய முறைப்பாடு வேறு. அவள் பெயரில் ஒரு ஷகரம் உண்டு. என் விளையாட்டில் அது இல்லை. ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் சேர்ப்பதென்றால், அகர, இகர, ஈகார வடிவங்கள் பன்னிரண்டும், உகர ஊகாரக் குறிகள் இரண்டுமாகப் பதினான்கு உருவங்கள், 56 கட்டங்கள், 896 பைட். டெட்ரிஸ் முழுவதும் 32 கிலோபைட்டில் அடங்கியது. நானும் அதற்குமேல் போவதில்லை என்று சங்கற்பம் செய்திருந்தேன், சொற்களும் சங்கீதமும் சேர்ந்து அந்த எல்லையை ஏற்கெனவே தொட்டிருந்தன. மிச்சம் பிடிக்கக்கூடியது முகப்புப் படம் ஒன்றுதான்: எல்கடுவையின் சரிவும், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையும், லயமும், பின்னால் மலையுமாக நான் புள்ளி புள்ளியாக வரைந்தது. ஒரே கட்டத்தைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப வைத்தால் அதற்கு மேலதிக இடம் வேண்டியதில்லை. ஆகவே வெவ்வேறாக வரைந்திருந்த தேயிலைச் செடிகளையெல்லாம் அழித்து, நான்கே வகைச் செடிகளை மாற்றி மாற்றி நிரைபிடித்து நட்டேன்; ஸ்டோரும் லயமும் மலையும் அப்படியே இருக்க, இடம் கிடைத்தது. அவள் தன் பெயரைக் கோத்துக் கரைத்துவிட்டு, செடிகள் மாறியிருப்பதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல், பள்ளிக்கூட வீதியில் இருக்கும் தன் தோழியின் பெயரைச் சிங்களத்தில் எழுத வேண்டும் என்று கேட்டாள். சிங்கள எழுத்து நம்முடையதைக் காட்டிலும் வட்டம் மிகுந்தது, குறிகள் மேலும் கீழும் ஒட்டுவது. 32 கிலோபைட் என்ற என் சங்கற்பம் அதற்கு நில்லாது என்று தோன்றுகிறது. பெரிய கேசட்டுக்கு மாறுவதா, இரண்டு தனிப் பதிப்புகளாகச் செய்வதா என்று இப்போது கட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.